இரண்டு ஓம்

காருவாருவில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்,
தகரக் கொட்டகைதான் இவனில்டாவின் கடை.
வெள்ளை ஊனோவின் டிக்கியைத் திறந்தான் ஜோசிவால்:
பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் இரண்டு,
தவணையில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று.
சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். ஜூன் திருவிழா.

கூம்பை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.
திருப்பிப் போட்டு முதுகில் இருந்ததைப் படித்தாள்.
ஒவ்வொன்றிலும் இரண்டு சுருள்,
சுருளுக்கு நாலு ஓம்.
ஆம்ப்ளிஃபயர் இரண்டு வரை இறங்கும்,
அதற்குக் கீழே தாங்காது.

அட்டைப்பெட்டி மடலில் பென்சிலால் கணக்குப் போட்டாள்.
நாலு சுருளையும் பக்கம் பக்கமாகக் கட்டினால் ஒன்று.
இரண்டிரண்டாகத் தொடுத்துப் பிறகு சேர்த்தால் நாலு.
எப்படிப் புரட்டினாலும்
இரண்டு வரவில்லை.

"ஒன்றை மட்டும் வை. சரியாக இரண்டு வரும்."
"ரெண்டுக்குக் காசு கொடுத்திருக்கேன்."
"அப்போ நாலில் வை. பாதிதான் சத்தம், ஆனால் பிழைக்கும்."

பாதி என்றதும் ஒயர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு
கிளம்பிவிட்டான்.

ஓம் என்றால் யாழ்ப்பாணத்தில் ஆமாம்.
இங்கே அது
எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு.

செல்போன் வெளிச்சத்தில் அவனே முடுக்கினான்,
எல்லாவற்றையும் ஒன்றில்.
ஒரு சப்வூஃபரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப்போனது
யாருக்கும் தெரியாது.
ஒன்று தள்ளத் தள்ள
மற்றது இழுத்துக்கொண்டது.
அக்கார்டியன் கீச்சிட்டது, முக்கோண மணி கிணுங்கியது,
ஸபும்பா மேளத்தை மட்டும் காணோம்.

குமிழைத் திருகினான்.
இன்னும் திருகினான்.
அடிக்கு அடி முன்விளக்கு கண்ணை மூடித் திறந்தது.
சோளக்கட்டி விற்பவள் தன் அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு
"என்னுடையது இல்லை" என்றாள்.
அதற்குள் டிக்கியிலிருந்து வார்னிஷ் வாடை.

திங்கட்கிழமை.
ஆம்ப்ளிஃபயர் சிவப்பு விளக்கைக் காட்டிக் காட்டி அணைந்து
எப்படியோ தப்பித்திருந்தது.
மீட்டர் முனைகளை வைத்தாள்.
ஒன்றில் முள் நகரவே இல்லை.
மற்றதில் மூன்றரையைத் தாண்டி நின்றது.

நான் அன்றைக்கே சொன்னேன் என்று
அவள் சொல்லவில்லை.
போன தேர்தலின் விளம்பரப் பலகை கிடந்தது,
வட்டமாக அறுத்து, சிலிக்கான் பூசி
காலி ஓட்டையை மூடினாள்.
வேட்பாளரின் காதும் அரைச் சிரிப்பும்
பெட்டிக்கு உள்பக்கம் போயின.

மிஞ்சிய ஒன்றின் இரண்டு சுருளையும் சேர்த்துக் கட்டி,
சிவப்பைச் சிவப்பில் வைத்து
சாவியைத் திருப்பினாள்.

மேளம் வந்தது.
நம்பர் பிளேட் உதறியது. மேசையில் இருந்த ஸ்பேனர்
நடந்து நடந்து விளிம்புக்குப் போய் விழுந்தது.
ஜோசிவால் குமிழ்ப் பக்கம் கை கொண்டுபோய்
எதுவும் செய்யாமல் எடுத்துக்கொண்டான்.

ஒயர், பலகை, கூலி. நாற்பதைக் கழித்துக்கொண்டாள்,
எரிந்துபோனது தனக்கு வேண்டும் என்று.

அவன் போன பிறகு கூம்பைக் கிழித்தெறிந்து
காந்தத்தை மட்டும் சுவரில் அறைந்தாள்.
ஸ்க்ரூடிரைவர்கள் ஒவ்வொன்றாக
டக் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டன.