எண் எழுதாத கண்ணாடி

தை பிறந்து ஒன்பது நாள்.
வல்லம் சாலை ஓரமாய் அறுவடை எந்திரம் போன பிறகு
ஜன்னலை அடைத்தாலும் சுணை உள்ளே வருகிறது.
எலிகளுக்கு ஏசி. எனக்கு மின்விசிறி.

இரண்டு வம்சம் வளர்க்கிறோம்.
இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவந்த கண்,
ஒரே தீவனம், ஆவியில் வேகவைத்து ஆறவைத்த ஒரே உமி.
ஒன்றின் ரத்தத்தில் நூறு வெள்ளணுவுக்கு
ஈசினோபில் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை.
மற்றதில் பன்னிரண்டு, பதினைந்து,
கேசரிப் பவுடர் கொட்டின மாதிரி.
வயிற்றில் புழு கிடையாது, கூண்டில் தூசி கிடையாது.
எதிரி வராத வாசலில் ஏன் இத்தனை காவல் என்று
எலியைக் கேட்க முடியாது.
சம்பந்தம் பண்ணிவைத்துக் குட்டியைக் கேட்கிறோம்.

குட்டிகள் எல்லாம் நடுவாந்தரம்.
அதற்கடுத்த ஈற்றில்தான் சீட்டு கலைந்தது.
நூற்று எண்பத்து நான்கு வால் நுனி,
வாலுக்கு ஒரு சொட்டு.
கணினி ஒரு குரோமோசோமின் மேல்
மேடு ஒன்றை எழுப்பிக் காட்டுகிறது,
நாற்பது லட்சம் எழுத்து அகலம்.
வாய்க்கால் இன்னதென்று தெரிந்துவிட்டது.
மடை திறந்த கை தெரியவில்லை.

நேற்று ராத்திரி என் மூச்சு விசிலடித்தது.
காலையில் யாரும் வருமுன்
மோதிர விரலைக் குத்தி, சொட்டை இழுத்துத் தடவி,
லீஷ்மன் சாயம் ஏற்றி,
அடுக்கின் நடுவே சொருகினேன்.

எது எந்த எலி என்று தெரியாமல் எண்ண வேண்டும்,
அது விதி.
கூத்தாநல்லூர் ஹதீஜா எண்ணுகிறாள்,
கட்டைவிரலில் டிக் டிக் டிக்.
"இதுல நம்பர் விட்டுப்போச்சு.
பதினாலு வருது, உங்க ஒசத்தி வம்சந்தான்.
ஆனா..."
குமிழைத் திருகினாள். மறுபடி திருகினாள்.
"எலின்னா உட்கரு வளையமா இருக்கும்.
இது ரெண்டு பருப்பா நிக்குது."

நிமிர்ந்து
என் விரல் பஞ்சைப் பார்த்தாள்.

"அத்தா பக்கமா, அம்மா பக்கமா?"

அப்பா களத்துமேட்டுப் பக்கமே போனதில்லை.
நெல் தூற்றும் நாளெல்லாம்
ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறிவிடுவார்,
டீக்கடையில் பேப்பர் படிக்க.
சோம்பேறி என்றார்கள், பட்டப்பெயரே அதுதான்.
நானும் சொல்லியிருக்கிறேன்.
அவர் விரலை ஒருவரும் குத்திப் பார்க்கவில்லை.

"இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.
அடுத்ததை வைத்து எண்ணத் தொடங்கினாள்,
டிக். டிக்.