முதல் வாய்

காது குத்திய மறுநாள்
சமையல் மாஸ்டர் சூலூர்ப்பேட்டைக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.
முன்பணம் வாங்கிய போன் அணைந்திருந்தது.
வீட்டில் நாற்பத்தேழு பேர்,
இரண்டு மொழி,
ஒரு குளியலறை.

நான் செய்கிறேன் என்றேன்.
தடாவைத் தாண்டித் தொழிற்பேட்டை கேன்டீனில்
வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுதான்.
பெயர் ஃபஹீட்டா.
பஜ்ஜியா? என்றார் பெரிய மாமனார்.
கிட்டத்தட்ட, என்றேன்.
விளக்க நேரமில்லை.

விடிவதற்குள் ஹேமந்த் சுண்ணாம்புக்குளம் போய்
ஆறு கிலோ இறால் கொண்டுவந்தான்,
ஏரிச் சேற்றின் வாசனை போகாமல்.
கோழி மட்டும் தடாவில்.
எல்லை தாண்டினால் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறையும்
என்பது எங்கள் வீட்டு வேதம்;
பெட்ரோல் கணக்கை யாரும் கேட்கக்கூடாது.

மூன்று நிறத்தில் குடைமிளகாய் வேண்டும்.
ஆரம்பாக்கத்தில் கிடைத்த நிறம் பச்சை.
மஞ்சளுக்கு மாங்காய் சீவினேன்,
சிவப்புக்குக் கேரட்.
சீரகம் மட்டும்
எல்லா நாட்டையும் பார்த்து வந்த முகத்தோடு
அலட்டாமல் வறுபட்டது.

கோமளா தேய்க்க, செங்கய்யா சுட,
இருநூறு சப்பாத்தி.
லாரி ஓட்டுகிறவர்.
நெடுஞ்சாலை ஓரத்தில் சுட்டுப் பழகிய கை.
டிபன் கடையிலிருந்து இரவல் வந்த கல்லில்
வெங்காயமும் குடைமிளகாயும் விழுந்தபோது
எழுந்த சீறலில்
வராந்தாவில் மொய்க் கணக்குப் பார்த்தவர்கள்
கூட்டலை விட்டுவிட்டார்கள்.

இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு
வரிசையாக வைத்தேன்.
இறால். கோழி. மசித்த காராமணி.
கெட்டித் தயிர், பொடியாய் நறுக்கிய தக்காளி,
கொத்தமல்லி, எலுமிச்சைத் துண்டு.
கோங்கூரா நான் வைக்கவில்லை.
அது தானாக வந்தது.

ஒருவரும் கிட்டே வரவில்லை.
உட்கார இடம் பார்த்தார்கள்.
இலையைத் தேடினார்கள்.
எவரு வட்டிஸ்தாரு? என்றாள் பெஞ்சலம்மா.
யாரும் பரிமாற மாட்டார்கள், அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும்
என்று நான் சொன்னதும்
துக்க வீடுபோல் ஒரு நிசப்தம்.

எப்படின்னு காட்டுங்க அத்தை, என்றாள் லிகிதா.

சப்பாத்தியை உள்ளங்கையில் வைத்தேன்.
நடுவில் ஒரு கோடு தயிர்,
அதன்மேல் இறால், வெங்காயம், மாங்காய்,
எலுமிச்சை ஒரு பிழி.
அடியை மடித்து இரு பக்கமும் சுருட்டினேன்.
பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.
கை பழக்கத்தில் மாமனார் பக்கம் நீண்டது,
திரும்பி மருமகப்பிள்ளை பக்கம் நீண்டது.

சாப்பிட்டுத்தானே காட்டணும்?

இந்த வீட்டில் இருபத்திரண்டு வருடம்
கடைசிப் பந்தி என்னுடையது.
ரசத்தின் அடிமண்டியும்
நமத்த அப்பளத்தின் விளிம்பும் எனக்குத் தெரியும்.
நாற்பத்தாறு பேர் பார்த்திருக்க,
நின்றபடியே கடித்தேன்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
ருசி அப்புறம்தான் தெரிந்தது.
முதலில் நாக்கு சுட்டது.
விசேஷ வீட்டுச் சாப்பாடு
இவ்வளவு சூடாகவா இருக்கும்!

பிறகு தள்ளுமுள்ளு.
பெரிய மாமனார் பிரித்து வைத்துக்கொண்டு
சப்பாத்தி குருமாவாகச் சாப்பிட்டார்.
பெஞ்சலம்மா கோங்கூராவை மட்டும் சுருட்டினாள்.
எல்லாவற்றையும் அடைத்த முனிரத்தினத்தின் புதுச் சட்டையில்
அது பின்பக்கமாகப் பிரசவித்தது.
ஒரு பையன் ஐந்தாவது முறை வந்து
முதல் முறைபோல் நின்றான்.

கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று
யாரும் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.
கல்லை விட்டு நகராமல் செங்கய்யா
நூற்றுத் தொண்ணூறாவதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
மிச்சமிருந்த இறாலை வழித்து
ஒன்று சுருட்டி
ஆறுவதற்குள் ஓடிக் கொடுத்தேன்.

மென்றார்.
யோசித்தார்.
உப்பு கொஞ்சம் தக்குவ, என்றார்.