எதனால எரிஞ்சது

சிம்மக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை எனக்கு.
எரிந்ததைத் தூக்கிவந்து இறக்கியதும்
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
எதனால எரிஞ்சது?
லோ வோல்டேஜ் என்பேன்.
பேரிங் சிக்கியிருக்கும், தண்ணி இறங்கியிருக்கும்.
போட்ட அன்றைக்கே வார்னிஷ் சரியாகக் காயாமல்
இத்தனை வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கும்.
ஒரு காரணம் சொன்னால்தான் காசு வரும்.
கருகின செம்பைக் கையில் வைத்துக்கொண்டு
எது முதலில் என்று
பாதி நாள் எனக்கே தெரியாது.

என் தங்கை சுகந்தி
கீழமாசி வீதி வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவள்.
ஒரு ஆடி மாதம்
கால்குலேட்டரைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.
"இதுக்குள்ள இருந்து என் பேரைச் சொல்றாங்கண்ணே."
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

பிறகு காரணங்கள் வரத் தொடங்கின,
துட்டி வீட்டுக்கு வருகிற மாதிரி ஒவ்வொன்றாக,
செருப்பை வாசலில் விட்டு.
கல்யாணம் தட்டிப்போனதுதான் என்றாள் பெரியம்மா.
படிச்சது மண்டைக்கு ஏறிப்போச்சு என்றார் செல்லூர் மாமா.
உச்சிவேளையில் வைகையைத் தாண்டியிருக்கா, காத்து கருப்பு.
அப்பன் செத்த அன்னைக்கு இவ அழவே இல்ல, கவனிச்சியா?
பாண்டி கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை,
கோரிப்பாளையம் தர்காவில் ஒரு நாள்.
மணிக்கட்டில் இரண்டு கயிறும்
சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு ராத்திரி கரண்ட் போய்
முகம் தெரியாதபோது சொன்னாள்:
"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. பேச்சி.
மேலூர் வீட்டு மாட்டுக்கொட்டத்துல வச்சுப் பூட்டியிருந்தாங்க.
சோறு நான்தான் கொண்டுபோவேன்."
கரண்ட் வந்தது.
அம்மா அரிசி ஊறப்போட எழுந்துபோனாள்.
ஓரம் வெட்டிய குடும்ப போட்டோவில்
அம்மாவின் தோளில் கிடக்கும் ஐந்து விரல்
யாருடையதென்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

பெரியாஸ்பத்திரி.
ஏழரைக்குச் சீட்டு, பதினொன்றரைக்கு டாக்டரம்மா.
சின்ன வயசு, நாகர்கோவில் பேச்சு.
தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தலையில் அடிபட்டதா,
சொந்தத்தில் யாருக்காவது?
பேச்சியைச் சொன்னேன்.
பேனா கொஞ்சம் நின்றுவிட்டு எழுதியது.
என் கடைக்கு வருகிறவர்கள் போலவே நானும் கேட்டேன்.

"வழிவழியா வர்றது கொஞ்சம் இருக்கலாம்.
மூளைக்குள்ள நடக்கிறது கொஞ்சம்.
பட்டது, தாங்கினது, தூங்காம கெடந்தது கொஞ்சம்.
எது எவ்வளவுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது, பாத்துக்கிடுங்க.
யார் தப்பும் இல்ல."

இத்தனை பேரில்
தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.
அதனாலேயே நம்பத் தோன்றியது.

மோட்டார் என்றால் பழைய கம்பியை வெட்டி எறியலாம்.
சுகந்தி மோட்டார் இல்லை.
மாத்திரை குரலைத் தணித்தது, அணைக்கவில்லை.
விரல் நடுங்குகிறது, உடம்பு ஊதிவிட்டது,
மத்தியானம் வரை தூக்கம்.
இரண்டு வாரம் மாத்திரையைத் துளசித் தொட்டியில் புதைத்துவந்தாள்.
ஒரு விடிகாலை ஏ.வி. பாலத்தில் போய் நின்றவளை
ஒரு ஆட்டோக்காரர் திருப்பிக் கூட்டிவந்தார்.
அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போது சாயங்காலம் கடைக்கு வருகிறாள்.
நான் கம்பி சுற்றுவேன், அவள் எண்ணுவாள்.
நேற்று அலங்காநல்லூர்க் கிணற்று மோட்டார் ஒன்று.
கருகலை மோந்து பார்த்தாள்.
"எதனால எரிஞ்சதுண்ணே?"
"தெரியல."
அவளுக்கு அது பிடித்திருந்தது போல.
இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.
நிறுத்தினாள்.
தலை லேசாகச் சாய்ந்தது,
எனக்குப் பின்னால், தெருவுக்கும் பின்னால்
யாரோ கூப்பிட்டது போல.
கம்பியைப் பிடித்தபடி இருந்தேன்.
தொய்யவிடவில்லை, இழுக்கவுமில்லை.
ஒரு டவுன் பஸ் போனது.

"முப்பத்திரண்டு" என்றாள்.