விழுந்துவிட்டீர்களா?

மால்காஸ் ஒரு நாளைக்கு
நானூறு முறை அடுப்புக்குள் தலைகுப்புறப் பாய்கிறான்.
அதுதான் உத்தியோகம்.
தரையில் பாதி புதைத்த மண்தொட்டி, அடியில் தணல்.
இடுப்புவரை குனிந்து,
தோணிபோல் இழுத்த மாவைச்
சுவரில் அறைந்துவிட்டு
அடுத்த மூச்சுக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.
குத்தாய்சியில் எங்கள் தெரு
விடிவது அந்தச் சத்தத்தில்தான்.
ஜன்னலில் நின்று ரொட்டி கொடுத்துக் காசு வாங்குவது
என் வேலை.

மகள் நூட்சா இத்தாலியிலிருந்து
அவனுக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் அனுப்பினாள்.
தொட்டால் முகம் காட்டும்.
தொடாவிட்டால் அணைந்த கரித்துண்டு.

முதல் நாள், முதல் ரொட்டி.
மணிக்கட்டில் துடித்தது:
"பலமாக விழுந்துவிட்டீர்களா?"
கையெல்லாம் மாவு,
இல்லை என்பதை மூக்கால் அழுத்தினான்.
இரண்டாம் ரொட்டி: "விழுந்துவிட்டீர்களா?"
ஒன்பதாம் ரொட்டிக்கு அழுத்த மறந்தான்.
ஆம்புலன்ஸ் வந்தது.
டிரைவர் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்,
காசு கொடுத்துத்தான்.

என்னுடையது சாவி கொடுக்கும் வாட்ச்.
சந்தையில் ஒரு ஜோடி காலுறையோடு சேர்த்துப்
பேரம் பேசி வாங்கியது.
நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும்.
காலை ஆறு மணிச் செய்திக்குத் திருத்திவைத்தால்
மறுநாள் ஆறுக்குள் மறுபடி சோம்பிவிடும்.
என்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
தூங்கினேனா, அழுதேனா,
எட்டு மணி நேரம் ஒரே ஜன்னலில் நின்றது
நடையில் சேருமா சேராதா,
கேட்டதே இல்லை.
அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருந்தது.

"உன் வாட்ச் குருடு, எதேரி" என்பான்.
"உன்னுடையது வாயாடி" என்பேன்.
மாவு பிசைந்ததை மலையேற்றம் என்று எழுதி
வாணவேடிக்கை வேறு காட்டியதே!

கடைசியில் கழற்றி ஆணியில் மாட்டினான்,
உப்பு மூட்டைக்கு மேலே.
இரவில் மட்டும் கட்டிக்கொள்வான், மகளுக்காக.

மார்ச்சில் ஒரு வியாழன்.
மால்காஸ் அடுப்புக்குள் போகவில்லை.
மாவுப் பலகையில் சாய்ந்து
சத்தமே இல்லாமல் சரிந்தான்.
அத்தனை பொய் விழுதலுக்கும் பதறிய வாட்ச்
ஆணியில் தொங்கியபடி
மாலை மழை வரும் என்றது.

போனில் ஒரு பெண் குரல்:
"நாடியைப் பிடியுங்கள். பதினைந்து வினாடி எண்ணுங்கள்."
மயிரிழை போன்ற அந்த நொடிமுள்ளை
அன்றுதான் பார்த்தேன்.
நாளுக்கு நான்கு நிமிடம் தவறுவது
பதினைந்து வினாடியில் எவ்வளவு தவறிவிடும்?
ஒன்பது, என்றேன்.
மறுபடி எண்ணச் சொன்னாள்.
எட்டு.

இதோடு முடிந்திருந்தால்
ஜெயித்தது நான் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பேன்.
ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது
என் முள்ளை அல்ல.
ஆணியில் இருப்பதை எடுத்துவரச் சொன்னார்.
மூன்று வாரமாக, இரவு இரண்டு மணிக்கு மேல்
அவன் இதயம் நின்று, யோசித்து, நடந்ததையெல்லாம்
அது கோடு கோடாக வரைந்து வைத்திருந்தது.
சொல்லியும் இருந்தது.
அவன் மூக்கால் அழுத்தியிருந்தான்.

இப்போது அவன் நெஞ்சுக்குள் ஒரு பேஸ்மேக்கர்.
"முகமே இல்லாத கடிகாரம்" என்கிறான்.
அடுப்புக்குள் பாய்வது ஜாபா, பிசைவது மட்டும் இவன்.
ஸ்மார்ட்வாட்சும் உண்டு,
கையில் அல்ல,
கணுக்காலில், காலுறைக்குள்.
அங்கே இருந்தால்
மாவு மாவாகவே இருக்கிறது, மலை ஆவதில்லை.

நான் இன்னும் ஆறு மணிக்குச் சாவி கொடுக்கிறேன்.
சில சமயம் நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
யாருடைய நாடியும் கையில் இல்லாமல்.

நேற்று ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி
பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் மணி கேட்டாள்.
என் கையைப் பார்த்தேன்.
நான்கு நிமிடம் அவளுக்குப் பெரிது.
"மால்காஸ்!" என்றேன்.
மாவுக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி
ஒரு காலை எடுத்து மேசைமேல் வைத்தான்.
நான் காலுறையை இறக்கினேன்.
ஏழு பத்து.