மூன்றாவது காரணம்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு
அந்த வாரம் இரண்டு வேலை.
மழையைப் பற்றி எட்டு வரி போயம்.
அப்புறம், யாரையாவது எதற்காவது
சம்மதிக்க வைக்கும் கடிதம்.
காரணம் மூன்று வேண்டும்.
யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லியில் பிழை கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் போகும்
காலைப் பஸ்ஸில் திருத்தினேன்.
முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேர்
கலெக்டருக்கு எழுதியிருந்தார்கள்.
அதே தெரு, அதே எரியாத விளக்கு.
ஒருவன் தேதி மட்டும் போட்டிருந்தான்.

பேராச்சி எழுதியது
பீடிக்கடை செக்கர் திரவியத்துக்கு.
டியர் செக்கர்,
மை மதர் ரோல் தவுசண்ட் பீடி.
யூ த்ரோ ஃபார்ட்டி.

காரணம் ஒன்று:
கழிவு என்று எடுக்கிற பீடியை
நீங்கள் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை.
காரணம் இரண்டு:
ஓட்டை, இலையிலேயே இருந்தது.
இலை நீங்கள் கொடுத்தது.
காரணம் மூன்று என்று போட்டு
முக்கால் பக்கம் வெறுமை.
அடியில் பென்சிலில், குட்டியாக:
இது தமிழ்லதான் வருது மிஸ்.

ரோலுக்கு எஸ் இல்லை. சுழித்தேன்.
இன்கம்ப்ளீட் என்று எழுதி
பத்துக்கு ஆறு.

போயம் இப்படி இருந்தது:
ரெயின் கம். லீஃப் ஈஸ் வெட். குட்.
ரெயின் கம். பவுடர் ஈஸ் வெட்.
மதர் ஈஸ் நோ ஸ்பீக்.
எட்டு வரி இல்லை.
ரைமிங் எங்கே என்று கேட்டிருந்தேன்,
சிவப்பு மையில்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மணிக்கு
சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.
சட்டைப் பையிலிருந்து
நாலாக மடித்த என் சிவப்பு மை வெளியே வந்தது.
“டீச்சர், இந்தப் பிள்ள கடையில வச்சிட்டுப் போயிட்டா.
பூரா இங்கிலீசு.
கேசு கீசு போட்டிருக்காவளோன்னு
ராத்திரி முச்சூடும் தூங்கல.”
ஆறைத் தொட்டுக் காட்டினார்.
“இது என்ன, அபராதமா?”

வாசித்துச் சொன்னேன்.
முதல் காரணத்துக்கு அவர்
ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.
இரண்டாவதுக்கு,
“இலை கம்பெனி குடுக்கது. நான் என்ன செய்ய?”
“மூணாவது?”
எழுதலை என்றேன்.
வெறும் தாளை வாங்கி
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்,
கட்டைப் பிடித்து ஓட்டை தேடுகிற மாதிரி.
“பிள்ளையக் கூப்பிடுங்க.”

தட்டோடு வந்து நின்றாள்.
சாம்பார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.
என்னைப் பார்க்கவில்லை. அவரையும்தான்.
“எங்கம்மாவுக்கு வெளக்கு வச்சா கண்ணு தெரியாது.
அதுக்குப் பெறவு சுத்துதது நான்.
நீங்க கழிக்கது பூரா
நான் சுத்துனது.
எங்கம்மா சுத்துனதுல
ஒண்ணு கழியாது.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சத்துணவுக்கூடத்தில் யாரோ
தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
திரவியம் தாளைப் பழைய மடிப்பிலேயே
மடித்தார். திருப்பித் தரவில்லை.
“கையெழுத்து நல்லாருக்கு,” என்றார்.
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
ஸ்கூட்டர் மூன்றாவது உதையில் கிளம்பியது.

அடுத்த வாரம் முப்பத்தொன்றுதான் கழிந்தது.
பேராச்சி சொன்னாள்,
ஆஜர் சொல்கிற குரலில்.
ஒன்பது பீடி குறைந்ததற்குக்
கடிதமா காரணம், அவள் கை பழகியதா?
நான் கேட்கவில்லை.

எஸ் இல்லாத ரோலைச் சுழித்தேனே,
அங்கே வினை சரியாகத்தான் இருந்தது.
எழுவாய்தான் வேறு ஆள்.

மார்க் ரிஜிஸ்டரில் ஆறு, ஆறாகவே இருக்கிறது.
மைப் பேனாவால் எழுதியது. அடித்தால்
ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேண்டும்,
காரணம் எழுத வேண்டும்.
ஆங்கிலத்தில்.