ஏழாம் வரைவு

லுப்லியானாவில் நவம்பர் மூடுபனி
பத்து மணிக்கு முன் விலகாது.
கீழிருந்து பார்த்தால்
எங்கள் மூன்றாம் மாடி விளக்குகள் மட்டும்
கட்டடமே இல்லாமல் தொங்கும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி.
அலுவலகத்தில் நாற்பத்தொரு பேர்,
லிஃப்ட் குழிகளுக்குள் இருபத்தாறு பேர்.
விதிகளை எழுதுகிறவள் நான்.

"வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து"
என்றது முதல் வரைவு.
எந்த இரண்டு என்று யாரும் கேட்கவில்லை.
திங்களும் வெள்ளியும் வெறிச்சோடின,
செவ்வாய்க்கிழமை நாற்காலிக்கு அடிதடி.

இரண்டாம் வரைவில்
மேசைகளுக்குப் பெயர் போய் எண் வந்தது.
பதினேழாம் எண்ணின் இழுப்பறையில்
ஆலென்காவின் ஒற்றைக் கையுறை,
ஒட்டிப்போன இருமல் மிட்டாய்,
யாருடையதோ ஒரு பல்லின் எக்ஸ்ரே.
அட்டைப்பெட்டியில் போட்டு
வாசலருகே வைத்தேன்.
கையுறை போய்விட்டது.
பல் இருக்கிறது.

மூன்றாவதை எழுதும்போது
டாமிரிடம் கேட்டேன்,
வெள்ளிக்கிழமையும் ஏன் வருகிறீர்கள் என்று.
"ஒரே அறை" என்றார்.
"அதில் நான், என் மகன்,
அவன் புதிதாக வாங்கிய டிரம்ஸ்."
வீடு என்பது எல்லோருக்கும் ஒரே சொல் அல்ல
என்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்.
இயக்குநர் போருத்
அடிக்குறிப்பை அடித்தார்.

அவருக்குப் பயம். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.
கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு
எப்படிச் சம்பளம் தருவது?
ஆகவே ஐந்தாம் வரைவில் ஒரு பச்சைப் புள்ளி:
மவுஸ் அசைந்தால் எரியும்.
யாரோ மவுஸை
மேசை விசிறியின் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.
அது இராப்பகலாக உழைத்தது.
மாதக் கடைசியில் பட்டியலில் அதுதான் முதலிடம்.
போருத் சிரித்தார்,
பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.
புள்ளியை எடுத்துவிடச் சொன்னார்.

ஆறாம் வரைவை
அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று
யெர்னெய் படியேறி வந்தார்
(எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்).
கை முழுக்க கிரீஸ்.
காகிதத்தைத் தொடாமல் படித்தார்.
"பன்னிரண்டு மாடிக் குழியை
என் சமையலறைக்குக் கொண்டுபோக முடியாது"
என்றார்.
"இடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
நேரத்தையாவது தருவீர்களா?"

காலை எட்டுக்கு லிஃப்டை நிறுத்தினால்
பன்னிரண்டு மாடியும் அவரைத் திட்டும்.
ஐந்துக்கு நிறுத்தினால்
தூங்குகிறவர்களுக்கு அது தெரியப் போவதில்லை.
ஒரு மணிக்கு மகளின் பள்ளி வாசலில் நிற்கலாம்.
இவ்வளவுதான்.

எட்டு முதல் நாலு என்று யார் சொன்னது?
பரணிலிருந்த கோப்புகளைப் புரட்டினேன்.
தட்டச்சு செய்த ஒரு சுற்றறிக்கை,
நான் பிறந்த வருடத்தது:
பேருந்து ஏழு நாற்பதுக்கு வந்து சேர்வதால்
பணி எட்டுக்குத் தொடங்கும்.

அந்தப் பேருந்து இப்போது இல்லை.
அந்த நிறுத்தத்தில்
யாரோ செருப்புக் கடை போட்டு,
அதையும் மூடிவிட்டார்கள்.
வராத வண்டிக்காக
அறுபத்தேழு பேரை
எட்டு மணிக்குள் ஓட வைத்திருக்கிறோம்.

ஏழாம் வரைவில் வீடு என்ற சொல் இல்லை,
அலுவலகம் என்ற சொல்லும் இல்லை.
எந்த வேலைக்கு யார் தேவை,
எப்போது,
அதை அவர்களிடமே கேட்பது எப்படி.
ஒன்றரைப் பக்கம்.
போருத் இரண்டு முறை படித்துவிட்டு
பேனாவைத் தேடினார்.
அதுவும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது.

இன்று ஐந்து பன்னிரண்டுக்கு
என் தொலைபேசி அடித்தது.
ஷிஷ்காவில் ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு பெண்:
சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள்,
என் நாய் கட்டிலுக்கு அடியில்,
இந்த ஊரில் கேள்வி கேட்க ஆளே இல்லையா?

மன்னிப்புக் கேட்டேன்.
இருட்டில் கணினியைத் திறந்தேன்,
போர்வையோடு.
எட்டாம் வரைவு.
முதல் வரி:
ஏழு மணிக்கு முன் சுத்தியல் கூடாது;
எண்ணெய் போடலாம்.