அபராதப் பிரிவு, இரண்டாம் மாடி

இரண்டாம் மாடி என்று பெயர்தான்.
எஸ்பியர் துறைமுகத்தில்
மீனை உறையவைத்த பழைய கிடங்கின் தரைத்தளம் அது.
படிக்கட்டு கட்டப் பணமில்லை.
கதவுக்கு வெளியே நின்ற இடத்திலேயே
நாற்பது முறை குதித்துவிட்டு
மூச்சிரைக்க உள்ளே வருவோம்:
"லிஃப்ட் இன்னும் சரியாகலையா?"
எட்டு வருடம்.
என் முழங்கால் மருத்துவர் இன்றும் நம்பவில்லை.

இன்று ஓர்ஹூஸில் ஓர் அரங்கம்,
நான்கு உயர நாற்காலிகள், நான்கு தம்ளர்கள்.
தம்ளர்களில் நிஜமாகவே தண்ணீர்.
கை பழகவில்லை.
வெறும் கோப்பையைச் சூடாகப் பிடிப்பதுதான்
எங்களுக்குத் தெரிந்த தொழில்.

ஃப்ளெமிங் ஸ்டேப்ளர் கதையைச் சொல்கிறான்.
கட்டைவிரலோடு டையும் சேர்ந்து மாட்டிக்கொண்ட கதை.
அது எனக்கு நடந்தது.
தனக்கு நடந்ததென்று பிர்த்தே திருத்துகிறாள்.
யூட்டேவுக்குக் காது கேட்கவில்லை, ஆனாலும்
சரியான இடத்தில் சிரிக்கிறாள்.
விட்டுவிட்டேன்.
எழுபது வயதில் ஒரு ஸ்டேப்ளருக்கு வழக்கா?

மூன்றாம் வரிசையில் ஓர் இளைஞன் எழுகிறான்.
நாங்கள் முதல் காட்சி எடுத்தபோது
அவன் பிறந்திருக்க மாட்டான்.
"பிரேபென் அந்த மௌனத்தை எப்படிச் செய்தார்?"

பிரேபென். எங்கள் தலைமை அதிகாரி.
மேல்முறையீட்டுக் கோப்பைத் திறப்பார்.
நம்மைப் பார்ப்பார். ஜன்னலைப் பார்ப்பார்.
(ஜன்னலில் வரைந்த மேகம், அதில் ஒரு பெயிண்ட் சொட்டு.)
ஒன்று
இரண்டு
மூன்று
நான்கு
சோபாவில் நாடே சாய்ந்து காத்திருக்கும்.
பிறகு ஒரே சொல்:
"கட்டட்டும்."
பனியனில் அச்சடித்து விற்றார்கள் அந்தச் சொல்லை.

மூன்றாம் வருடம் வசனத்தைக் கோப்பில் ஒட்டினோம்.
நான்காம் வருடம்
டெலிபோனில், தொட்டிச்செடியின் இலையில்,
ஃப்ளெமிங்கின் சட்டைக் காலரில்.
ஐந்தாம் வருடம் எழுத்துகளே அவரிடம் பேசவில்லை.
ஒட்டிய தாளைத் தடவிப் பார்த்துவிட்டு
"இது யாருடையது?" என்றார்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
அதையும் ஒளிபரப்பினார்கள். அதற்கும் சிரிப்பு.

அவருக்கு நேர் எதிர் மேசை என்னுடையது.
வாரத்துக்கு எனக்கு ஒரு வரி: "உங்களுக்குத்தான் போன்."
கேமராவுக்கு என் பின்தலை மட்டும்தான்.
இந்த நாட்டில் என் பின்தலை பிரபலம்.
முன்பக்கம் யாருக்கும் தேவைப்படாததால்
அதை அவருக்குக் கொடுத்தேன்.
சத்தமில்லாமல் சொல்வேன்.
அவர் என் உதட்டைப் பார்ப்பார்.
நான்கு விநாடி என்பது
என் உதட்டிலிருந்து அவர் நாக்கு வரைக்கும் உள்ள தூரம்.

எழுத்தாளர்கள் பூரித்துப் போனார்கள்.
ஆறாம் வருடம் முதல் பிரதியிலேயே
'மௌனம்' என்று தட்டச்சு செய்து அனுப்பினார்கள்.
விருது வந்தது.
மேடையில் லிஸ்பெத் என்ற பெயர் அவருக்கு வரவில்லை.
"இங்கருக்கு நன்றி" என்றார்.
இங்கர் என் கதாபாத்திரம்.
கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.
நானும் சிரித்தேன், வேறெங்கே வைப்பது முகத்தை?

இளைஞன் இன்னும் நிற்கிறான்.
ஃப்ளெமிங் தம்ளரைத் திருகுகிறான்.
அவர் மனைவியிடம் நாங்கள் கொடுத்த வாக்கு
நால்வருக்கும் நடுவே, விரிப்பில் கிடக்கிறது.
மைக் என் கைக்கு வருகிறது.
வாயைத் திறந்தேன், ஒன்றுமில்லை.
எதிர்ப்பக்கம் பிர்த்தேயின் உதடு
மெல்ல, சத்தமில்லாமல், அசைகிறது.
படித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"பயிற்சி," என்றேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள்.
அவரைப் போலவே என்றார் யாரோ.

வெளியே மழை.
ஃப்ளெமிங்கின் கார் கண்ணாடியில்
துடைப்பானுக்கு அடியில், நனைந்த மஞ்சள் சீட்டு.
பதினெட்டு நிமிடம் கூடுதலாக நின்றதற்கு.
அவன் அதைப் பிரித்தான். எங்களைப் பார்த்தான்.
துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்தான்.
நாங்கள் குடைக்குள் காத்திருந்தோம்.

யாரும் சொல்லவில்லை.